பழைய வண்டிக்குப் புதிய அச்சு

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டியே செல்லும் ஏ4 பெருந்தெருவின் ஓரத்தில் ஒருநாள் அதிகாலையில் நின்று பார்ப்பவருக்கு, சாய்ந்தமருதுக் கரையிலிருந்து மீன் பெட்டிகளையும், சம்மாந்துறை வட்டைகளிலிருந்து நெல் மூடைகளையும், மருதமுனைத் தறிகளிலிருந்து துணிக் கட்டுகளையும் சுமந்து போகும் வாகனங்களுள், முப்பது வயதைக் கடந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டபடியால், இக்கரையோரத்து வியாபாரம் முழுவதும் ரோட்டை நம்பியே ஜீவிக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. இடைப்பட்ட ஐந்து வருஷங்களில் பழைய வண்டியை விற்பவன் பேதை, திருத்தி ஓடுபவன் விவேகி என்னும் அபிப்பிராயம் ஊரில் நிலைத்துவிட்டது.

திருத்துவது என்றால் இப்போது வெறும் புஷ் மாற்றுவதன்று. பழைய சட்டகத்தின் அடியில், பத்துப் பதினைந்து வருஷம் இளைய வண்டியொன்றின் பின்னச்சையும் ஸ்பிரிங்குகளையும் அப்படியே கொண்டுவந்து பூட்டுகிறார்கள். அச்சைத் தேடி இரவு பஸ்ஸில் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், விடியற்காலையில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, லொறியில் ஏற்றிவிட்டு வருவது ஒரு சிறிய யாத்திரையே ஆகும்.

1968இல் பிறந்த ஹைலக்ஸ், 1979இல் நாலு சில்லும் இழுக்கும் வண்டியாக வந்தபோது, முன்னும் பின்னும் ஒரே தண்டாகிய அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் உடையதாயிருந்தது. நம் பக்கத்தில் இன்றும் மதிப்போடு பேசப்படும் எல்.என்.106 மாதிரி 1988க்கும் 1997க்கும் இடையில் வந்த தலைமுறையைச் சேர்ந்தது; அதுவும் அந்தச் சம்பிரதாயத்தை விடவில்லை. 2004இல் தாய்லாந்திலிருந்து வீகோ என்னும் ஹைலக்ஸ் தலைமுறை வந்தபோது முன்புறம் சில்லுகள் தனித்தனியே ஏறி இறங்கும் சுருள் ஸ்பிரிங் அமைப்பாக மாறியிருந்தது. பின்புறம் மாத்திரம் பட்டைகளோடு தண்டச்சு அப்படியே நிலைத்தது. ஆறு ஆணிகள் கொண்ட சில்லின் துளை வட்டம் 139.7 மில்லிமீற்றராகவே இருந்துவிட்டதனால், பழையதற்கும் புதியதற்கும் இடையே உறவு அறவே அற்றுப்போகவில்லை. நம்மூர் மெக்கானிக்குகளின் துணிவுக்கு இந்த ஒற்றுமையே முதல் காரணம் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங் பட்டையின் சூட்சுமம் அதன் நீளத்தில் இருக்கிறது. 2015இல் வந்த தலைமுறையில் டொயோட்டா பின் பட்டைகளை நூறு மில்லிமீற்றர் நீட்டி 1,400 ஆக்கியது. நாலு அங்குலம் அற்பமென்று தோன்றும். ஆனால் பட்டையின் விறைப்பு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைவதனால், மற்றவையெல்லாம் சமமாயிருப்பின், அந்த நாலு அங்குலமே விறைப்பில் ஐந்திலொரு பங்கைக் கரைத்துவிடும். நாமோ மூடை கூட ஏற்றவேண்டுமென்ற ஆசையில் பழைய கட்டையான பட்டைகளின்மீது மேலும் இரண்டு பட்டையைச் செருகி, வெறும் வண்டி காப்பட் ரோட்டில் ஆட்டுக்கடாவைப் போலத் துள்ளுவதைக் கண்டு ஷொக் அப்சோபரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஓலைக் கொட்டகை ஒன்றில் இந்த வேலையைச் செய்யும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. ஊருக்கெல்லாம் அவர் காக்கா. கரைவலை வாடிக்குப் போய்வரும் வண்டியொன்றின் பின்னச்சு நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியாகிய பழைய டிஃப்பை அவர் திறந்தபோது, கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகப் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு திரவம் சட்டியில் வடிந்தது. சூடேறிய அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்க, மேலிருக்கும் சுவாசக் குழாய் மண்ணால் அடைபட்டிருந்தமையால், சீல் வழியே உப்புநீரை உறிஞ்சிக்கொண்டதன் பலன் அது. "மண்ணுக்குப் போற வண்டிக்கு இந்தக் குழாயை மேல ஏத்திக் கட்டணும் தம்பி, இல்லாட்டி புது அச்சும் மறுகா இப்படித்தான்" என்றார்.

புதிய அச்சு பழையதைவிட ஏறத்தாழ பத்துச் சென்றிமீற்றர் அகலம். ஆகையால் ஸ்பிரிங் அமரும் இருக்கைகளை அச்சிலிருந்து அறுத்தெடுத்து, பழைய சட்டகத்தின் அளவுக்கு உள்ளே தள்ளி ஒட்டவேண்டும். அவர் ஒட்டும்போது ஒரேயடியாக ஒட்டவில்லை. ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம், இடையில் ஆறவிட்டு, மறுபடி ஓர் அங்குலம் என்று அரைநாளைக் கழித்தார். சூடு ஒருபுறம் சேர்ந்தால் அச்சுக்குழாய் வளைந்துவிடும். வளைந்த அச்சு டயரை ஒருபக்கமாகத் தின்னும். ஒட்டுமுன் அவர் எடுத்துவந்த கருவியைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது: மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்த பாகைமானி, அதன் நடுவில் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் சாய்வையும், டிஃப்பின் மூக்கின் சாய்வையும் அதைக்கொண்டு அளந்து, இரண்டும் ஒன்றாகும்வரை இருக்கையைத் திருப்பினார். தண்டின் இரு முனைகளிலும் உள்ள குறொஸ் இணைப்புகளின் கோணம் சமமாயில்லாவிட்டால், இடையிலுள்ள தண்டு ஒரு சுற்றுக்கு இருமுறை முந்தியும் பிந்தியும் சுழல்வது ஈடாகாமல் டிஃப்பையும் எட்டி, அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஆசனத்தின் அடியில் ஓர் உறுமலை உண்டாக்கும். அந்த உறுமலுக்காக டயர், பேரிங், கிளச் என்று பணத்தை இறைத்தவர்களை நான் அறிவேன்.

பல்விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 41 பல் சக்கரத்தை 9 பல் சக்கரம் சுழற்றும் டிஃப் 4.556, 43க்கு 11 என்றால் 3.909. முன்னச்சு ஒன்றாகவும் பின்னச்சு மற்றொன்றாகவும் இருக்க, நாலு சில்லையும் பூட்டி ஓடினால், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எங்கேனும் ஒரு பல் உடையும்.

பலரும் கவனியாமல் விடுவது பிரேக். பின்னச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே மெல்லிய கம்பியொன்றால் தொடுக்கப்பட்ட சிறு வால்வு உண்டு. பாரம் ஏறி வண்டி அமிழ்ந்தால் பின் பிரேக்குக்கு அது அதிக அழுத்தத்தை விடும். வண்டி வெறுமையாய் உயர்ந்து நின்றால் குறைக்கும். புதிய ஸ்பிரிங்கால் வண்டியின் பின்புறம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டால், மூடை நிறைந்திருக்கும்போதும் இந்த அப்பாவி வால்வு பாரமே இல்லை என்று நம்பிக்கொள்ளும். என் மச்சானின் வண்டிக்கு அச்சு மாற்றிய இடத்தில் இந்தக் கம்பியைத் தொடவே இல்லை. காரைதீவுச் சந்தியில் நெல்லோடு வந்தபோது வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல், முன்னால் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் போய் முட்டியது. ஒருவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பிற்பாடு காக்கா கம்பியின் பிடியை ஒட்டி உயர்த்திக் கொடுத்தார். கால்மணி நேர வேலை.

முன்னச்சையும் மாற்றிச் சுருள் ஸ்பிரிங் போட ஆசைப்படுவோர்க்கு நான் சொல்வது: வேண்டாம். அதற்குச் சட்டகத்தையே அறுக்க நேரும். வரம்பிலும் கடல் மணலிலும் தண்டச்சின் பிடிவாதமே பிரயோசனம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பதிவுச் சான்றிதழிலுள்ள விபரம் எதுவும் மாறுமாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிப்பது சொந்தக்காரனின் கடமை. சில்லு மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பொலிஸாரும் விடமாட்டார்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் ஒரு கடிதம் எழுதி வைப்பது நன்று.

வேலை முடிந்து வண்டியைப் பெறப் போகிறவர்கள், ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின், அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கக் கொண்டுவரும் நாளை அங்கேயே குறித்துக்கொள்ளட்டும். கூலியை அன்றே கொடுத்துவிட வேண்டாம். வழக்கமாக ஏற்றும் அளவு மூடைகளை ஏற்றி, ஆளில்லாத வட்டை ரோட்டில் ஓட்டி, பிரேக்கை அழுத்தி, பின் சில்லுகள் பிடிக்கின்றனவா என்று இறங்கிப் பார்த்த பின் கொடுங்கள்.