ரேழியில் இருந்த தெர்மோஸ்டாட்

கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் தெரு முழுக்க விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள். அண்ணாந்து பார்த்தால் கூரைக்குக் கூரை புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். அறைக்கொரு கணப்பு இருந்த காலத்தின் மிச்சம் அவை. ஆனால் தினமும் எரிந்தது பெரும்பாலும் ஒரே ஒரு கணப்புதான். நிலக்கரி காசு, சாம்பல் அள்ளும் பாடு, இரண்டும் அதற்குமேல் இடம் தரவில்லை. வீட்டார் எல்லோரும் அந்த ஓர் அறையில் ஒண்டியிருப்பார்கள். படுக்கையறையிலோ ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே விடிவதற்குள் உறைபனி பூத்துவிடும்.

1952 டிசம்பரில் அந்தக் கரிப்புகை மூடுபனியோடு கலந்து ஐந்து நாள் நகரத்தை மூடியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965இல் வடகடலில் எரிவாயு கிடைத்தது. வீடுகளில் கணப்பை அடைத்துவிட்டு, சுவரில் பாய்லரும் ஜன்னலடியில் ரேடியேட்டர்களும் வைத்தார்கள். காய்ந்த நீர் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் ஓடியது.

எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்ல ரேழிச் சுவரில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட். யாரும் உட்காராத, வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று புகுகிற இடம் அது! அங்கே 20 டிகிரி வரும்வரை பாய்லர் எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள் மாடியறை புழுங்கும், ஜன்னலைத் திறந்துவிடுவோம். காசு கொடுத்துக் காய்ச்சிய சூடு தெருவுக்குப் போகும். எத்தனையோ குளிர்காலம் நாங்கள் இப்படித்தான் கழித்தோம்.

ரேடியேட்டருக்கே ஒரு தெர்மோஸ்டாட் வேண்டும் என்று டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவுசன் 1943இலேயே யோசித்துச் செய்திருந்தார். இன்று பல வீடுகளில் இருக்கும், எண் போட்ட வால்வுத் தலைகள் அந்த வழியில் வந்தவை. உள்ளே இருக்கும் மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து, ஊசியை அழுத்தி, நீரை அடைக்கும். அழகான வேலைப்பாடு. ஆனால் அதற்கு மணி தெரியாது; அறை குளிர்ந்துவிட்டது என்று பாய்லருக்குச் சொல்லவும் வழியில்லை.

போன வருஷம் பழைய தலைகளைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் ஓடும் புதியவற்றைத் திருகினோம். குழாயில் இருந்த நீரை வடிக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் அறையில் மட்டும் ஊசி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு மெல்லத் தட்டியதும் அசைந்தது. இப்போது ஒவ்வொரு வால்வும் தன் அறையின் குளிரை அளந்து கம்பியில்லாமல் பாய்லரைக் கேட்கிறது. ஆளில்லாத அறை 16 டிகிரியில் கிடக்கிறது.

இந்த வால்வுகளை வாங்குகிற எல்லோரிடமும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பேன்: பாய்லர் அனுப்பும் நீரின் சூட்டையும் பாருங்கள். 2005க்குப் பிறகு இங்கே பொருத்தியவை பெரும்பாலும் கண்டன்சிங் வகை. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து, அதன் சூட்டையும் மீட்பவை. திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். பல வீடுகளில் நீர் 75, 80 டிகிரியில் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் 60க்குக் குறைத்தோம். அறை சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு சின்ன அறை மட்டும் கேட்கும்படியும் விடக்கூடாது. அத்தனை சிறிதாக எரியத் தெரியாமல் பாய்லர் அணைந்து அணைந்து பற்றும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பழக நாளாயிற்று. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, கெட்டுப்போச்சா?" என்பார். கை சுட்டால்தான் அவருக்கு நம்பிக்கை. புது வால்வுகளைப் போனிலிருந்து மாற்றலாம்; ஆனால் போனில் அவருக்கு எதையும் தேடத் தெரியாது. தன் குளிருக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கும் நிலை அவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே, கையால் திருகக்கூடிய ஒரு சின்னத் தெர்மோஸ்டாட்டை அவர் உட்காரும் முன்னறையில் வைத்தோம். அடைத்த பழைய கணப்புக்கு மேலே, அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அதை 21க்குத் திருப்புவார். சிறிது நேரத்தில் வால்வின் மோட்டார் மெல்ல முனகும். பேரப்பிள்ளைகளும் பாடப்புத்தகத்தோடு அந்த அறைக்கே வந்துவிடுகிறார்கள்.