தேங்கிய நீர் தந்த பாடம்

சிறுதுளி பெருவெள்ளம் என்பது பழமொழி. இராமேசுவரம் தீவிலுள்ள எங்கள் விடுதிக் குளியலறையிலோ சிறுமுடி பெருவெள்ளம் ஆயிற்று! குளித்த நீர் வடியாமல் கணுக்கால் வரை நின்றது. "ஆயா, தண்ணீர் போகவில்லை" என்று குரல் கொடுத்துவிட்டு நாங்கள் வகுப்புக்கு ஓடிவிட்டோம். மாலையில் திரும்பியபோது ஆயாவின் விரலில் கட்டு. வெறுங்கையால் அடைப்பை எடுக்கையில் துருப்பிடித்த கொண்டை ஊசி ஒன்று குத்திவிட்டதாம். அது எங்களில் ஒருத்தியின் ஊசிதான். விடுதிச் சகோதரி எங்களைத் திட்டவில்லை. ஆயாவைத் தடுப்பூசி போட அழைத்துச் சென்றார். எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை.

அன்று முதல் அந்த வேலையை நாங்களே கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே தருகிறோம்.

குளியலறைத் துவாரத்தின் கீழே குழாய் வளைந்திருக்கும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். சாக்கடையின் துர்நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்த நீரே. 1775-ஆம் ஆண்டில் இலண்டன் கடிகாரத் தொழிலாளர் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்கென இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார்.

நன்மை செய்யும் அவ்வளைவிலேயே அடைப்பும் தொடங்குகிறது. உதிர்ந்த முடி அங்கே சிக்குகிறது. அதில் தேங்காய் எண்ணெய் ஒட்டுகிறது. நம் கடற்கரைப் பகுதியில் பல கிணறுகளின் நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாகின்றன என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். போதாக்குறைக்குக் கடற்கரையிலிருந்து நம் கால்கள் சுமந்துவரும் மணலும் வளைவின் அடியில் தங்குகிறது. முடி கயிறாக, படிவு சாந்தாக, மணல் கல்லாக ஒரு சுவரே எழுந்துவிடுகிறது!

நீர் மெதுவாக வடியத் தொடங்கும்போதே கவனித்தால் வேலை எளிது. முதலில் ரப்பர் கையுறை அணிந்து, சல்லடை மூடியை எடுக்க வேண்டும். நுனி வளைத்த கம்பியால் முடியையும் மணலையும் மெல்ல வெளியே எடுக்க வேண்டும். குழாய்க்குள் தள்ளிவிடக் கூடாது. அடுத்து, துவாரத்தின் மேல் ரப்பர் பம்பை வைத்து, அதன் கிண்ணம் மூழ்கும் அளவு நீர் விட்டு, பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும். பிறகு ஒரு கை சலவைச் சோடாவைப் போட்டுச் சுடுநீர் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு இளகும். பிளாஸ்டிக் குழாயாயின் கொதிக்கும் நீர் கூடாது, குழாய் நெளிந்துவிடும். இறுதியாக ஒரு வாளி நல்ல நீர் ஊற்ற வேண்டும். அத்தனைக்கும் வடியவில்லையென்றால் அடைப்பு தொலைவில் இருக்கிறது. குழாய் வேலை தெரிந்தவரை அழைப்பதே முறை.

ஓர் எச்சரிக்கை! ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அவை சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்றது அதே வாயுதான். மூடிய குளியலறையில் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அடைப்பு நீக்கும் தூள்கள் பலவற்றிலுள்ள காஸ்டிக் சோடாவும் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

இப்போது சீவிய முடியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுகிறோம். கால் மணலை வாசலிலேயே கழுவுகிறோம். கொண்டை ஊசிகளுக்கு ஒரு டப்பா வைத்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் சல்லடையைச் சுத்தம் செய்ய முறை போட்டிருக்கிறோம்.

ஆயாவின் விரல் ஆறிவிட்டது. முதல் சனிக்கிழமை எங்கள் கையில் கம்பியைக் கண்ட அவர், "உங்களுக்கு எதற்கம்மா இந்த வேலை?" என்றார். எங்கள் முடியல்லவா, ஆயா! எங்கள் வேலைதானே!