பழைய பாட்டுப் புத்தகத்தைப் புதிதாகச் செய்தல்

குறும்படத்திலோ பள்ளி நாடகத்திலோ கதாபாத்திரத்தின் கையில் இருக்கும் சிறு புத்தகம் பெரும்பாலும் வீட்டில் அச்சடித்ததாகவே இருக்கும். 1940களின் கோவையைக் காட்டும் கதை என்றால் அது அநேகமாக சினிமா பாட்டுப் புத்தகம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹாலைத் திறந்த ஊர் இது. 'ஹரிதாஸ்' (1944), 'ராஜகுமாரி' (1947) ஆகியவை இங்குள்ள சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான படங்கள். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடல்களோடு கதைச்சுருக்கமும் இருக்கும். அது முடிவைச் சொல்லாமல் பாதியில் நின்று, மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லும்.

காலத்தை முதலில் காட்டிக்கொடுப்பது எழுத்து. ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் இன்றைய வடிவங்களைத் தமிழக அரசு ஏற்றது 1978இல்தான். ஈரோட்டில் பிறந்த பெரியாரின் 'குடிஅரசு' இதழோ 1935இலேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. ஆகவே பாட்டுப் புத்தகத்துக்குப் பழைய வடிவங்கள் உள்ள எழுத்துருவைத் தேடித்தான் ஆக வேண்டும். விலையை அணாவில் போட வேண்டும். நயா பைசா வந்தது 1957இல். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு கூடாது, அது 1972இல் வந்தது. ஈரோட்டு முகவரி என்றால் கோயம்புத்தூர் ஜில்லா என்றே போட வேண்டும், ஈரோடு அப்போது அதற்குள் இருந்தது.

அடுத்தது பக்க அடுக்கு. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். 16 பக்கத்துக்கு நான்கு தாள் போதும். வெளித்தாளின் ஒரு முகத்தில் இடப்புறம் 16, வலப்புறம் 1. மறுமுகத்தில் 2, 15. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வந்தால் அடுக்கு சரி. பி.டி.எஃப். மென்பொருளில் உள்ள 'புக்லெட்' வசதி இதைத் தானே செய்துவிடும். இருபுறமும் அச்சடிக்கும்போது தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்காவிட்டால் மறுபக்கம் தலைகீழாக விழும். நனைந்தால் இங்க்ஜெட் மை கரைந்துவிடும் என்பதால், பழுப்பேற்றப் போகும் புத்தகத்துக்கு லேசர் அச்சே நல்லது.

தாள்களை ஒவ்வொன்றாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, முதுகில் இரண்டு பின் அடித்துச் சில மணி நேரம் பாரம் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஓரம் வெட்டுவது. முன்பே அளந்து வெட்டிய தாள்களை மடித்தால் உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தாளின் கனமே இதற்குக் காரணம்: நான்கு தாளில் அரை மில்லிமீட்டர் அளவுக்கும், பத்துத் தாளில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் வரும். அண்மைக் காட்சியில் அந்தப் படிக்கட்டு ஓரம் பளிச்சென்று தெரிந்து, வீட்டு வேலை என்று சொல்லிவிடும்.

பின் அடித்த புத்தகத்தை மூடி, முன்விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புதுப் பிளேடு போட்ட கட்டரை நிமிர்த்தி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் அடித்தாள்கள் கோணும். பலமுறை மெதுவாக இழுப்பதே நேரான ஓரத்தைத் தரும். மேல், கீழ் ஓரங்களை முதுகுக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்துக் குறித்து வெட்டலாம். இந்த மூன்று வெட்டுக்கும் இடம் விட்டு, பக்கத்தை அமைக்கும்போதே வெளி ஓரங்களை அகலமாக வைத்துக்கொள்வது அவசியம். பல பிரதிகள் தேவையென்றால் பைண்டிங் கடையின் கட்டிங் மெஷினே மேல்.

பழுப்பு கடைசி வேலை. மலிவான தாளில் காற்றும் வெளிச்சமும் முதலில் தாக்குவது ஓரத்தைத்தான். பழைய புத்தகத்தில் ஓரம் கருத்து, நடுப்பக்கம் வெளிறியிருப்பது அதனால்தான். வெட்டிய விளிம்பில் தேயிலைச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றினால் அதே தோற்றம் வரும். முழுத்தாளையும் நனைத்தால் சுருங்கி மேடுபள்ளமாகும்.

இதே முறையில் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கும் செய்யலாம், கற்பனை வங்கியின் பெயரில். பாஸ்போர்ட் மாதிரியில் அசோகச் சின்னத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அரசு ஆவணம் என்ற எண்ணம் தரும்படி அதைப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ரூபாய் நோட்டைப் போன்ற தாளை அச்சடிப்பதும் குற்றமே.