குப்பை வண்டி வராத ஒழுங்கைகள்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு தினம். கொழும்புக்கு அருகே கொலன்னாவையில் உள்ள மீதொட்டமுல்லையில், பிற்பகல் வேளையில், மலைபோல் உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து அடிவாரத்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். புத்தாண்டுக்காக வீட்டில் கூடியிருந்த குடும்பங்கள் அப்படியே புதையுண்டன.

அந்த மேடு ஒரே நாளில் உருவானதல்ல. 2009இல் புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபின் கொழும்பு மாநகரத்தின் கழிவு மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன். அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் வசதி குறைந்த மக்கள். துர்நாற்றத்தையும் நோயையும் சுட்டிக்காட்டி அவர்கள் பல வருடங்களாகப் போராடி வந்தார்கள். சரிவுக்குப் பிறகுதான் அந்த இடம் மூடப்பட்டது. பின்னர் புத்தளம் மாவட்டத்தில் அருவக்காட்டில் நவீன முறையிலான கழிவு நிரப்பு நிலம் அமைக்கப்பட்டது.

இடிந்த மேடு செய்தியாகிறது. ஆனால் அதே 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்குக் காய்ச்சல் எனப் பதிவானது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடு அதுவரை கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவல் அது. பாதிக்கப்பட்டோரில் கணிசமானோர் கொழும்பும் கம்பஹாவும் உள்ளிட்ட மேல் மாகாணத்தவர். மழையில் நனைந்தபடி அகற்றப்படாமல் கிடந்த குப்பையும் இதற்கு ஒரு காரணம் என உலக சுகாதார நிறுவனம் அப்போதே குறிப்பிட்டது. யோகட் கப், சிரட்டை, பழைய ரயர், சொப்பிங் பையின் மடிப்பு - இவற்றில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். இந்த நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தெளிந்த நீரையே விரும்புகிறது. அதன் முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

உறுதி இல்லாத காணியில், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒழுங்கைகளில் குடியிருப்போரின் வாசலுக்குக் குப்பை வண்டி வருவதில்லை. வர இடமும் இல்லை. சோலை வரி கட்டாதவர்களுக்கு எதற்குச் சேவை என்ற எண்ணம் நகரசபைகளில் இருப்பதும் உண்மை. ஆகவே குப்பை மூன்று வழியில் போகிறது. கால்வாயில் கொட்டினால் வடிகால் அடைபட்டு வெள்ளம் வீட்டுக்குள் ஏறும். எலியின் சிறுநீர் கலந்த அந்த நீர் காலில் உள்ள சிறு காயம் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். ஒழுங்கை முனையில் குவித்தால் ஈயும் எலியும் பெருகும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எரித்தாலோ, பிளாஸ்ரிக் புகை நேரே அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும். பிவிசி குழாய்த் துண்டுகள், வயர் உறை போன்றவை எரியும்போது டயொக்சின் என்ற நச்சும் வெளியாகும். "குப்பையைக் கொளுத்தினால் நுளம்பு போகும்" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நுளம்பு சற்று நேரத்தில் திரும்பி வந்துவிடும், இருமல்தான் மிஞ்சும்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. எங்கள் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கும் அதிகமானது சமையலறைக் கழிவு. நாற்றம், ஈ, எலி எல்லாம் அந்த ஈரப் பகுதியால்தான் வருகின்றன. அதை மட்டும் தனியாக எடுத்துவிட்டால் மிஞ்சும் கடதாசி, போத்தல், தகரம் காய்ந்த நிலையில் இருக்கும். பழைய பேப்பர், வெற்றுப் போத்தல் வாங்க வருபவர் அவற்றைக் காசு கொடுத்தே எடுத்துப் போவார். சோற்றுக் குழம்பில் ஊறிய கடதாசியை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஈரக் கழிவுக்கு இலங்கையில் பரவலாகப் பயன்பட்டது பசளைப் பீப்பாய். 2008இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தொடங்கிய பிலிசரு திட்டம் பல உள்ளூராட்சி சபைகளில் பசளைத் தயாரிப்பை ஊக்குவித்தது. அடியில்லாத பீப்பாயை மண்மேல் வைத்து, காய்கறித் தோலுக்கு மேல் அதைவிடக் கூடுதலாகக் காய்ந்த இலை போட்டு, இடைக்கிடை கிளறி, இறுக மூடி வைத்தால் சுமார் மூன்று மாதத்தில் பசளை கிடைக்கும். மீன், இறைச்சி போடக்கூடாது. சிறிய பீப்பாயில் கிருமிகளைக் கொல்லும் அளவு சூடு ஏறாது, எலியும் வரும்.

ஆனால் மண் ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் பீப்பாயை எங்கே வைப்பது? அங்கே ஆள்தான் வரவேண்டும். இந்தியாவின் புனே நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே, பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து நடத்தும் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு 2008 முதல் மாநகராட்சியுடன் இணைந்து வீடுவீடாகக் கழிவு சேகரித்து வந்துள்ளது. குடிசைப் பகுதிகளும் இதில் அடங்கும். லொறி நுழையாத சந்தில் தள்ளுவண்டியும் கூடையும் நுழையும். வீட்டார் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள். விற்கக்கூடிய பொருட்களின் வருமானம் சேகரிப்பவருக்கே. சென்னையில் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோராவும் தெருவாரியாகக் காசு சேர்த்து, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை அமர்த்தி இதையே செய்தது. சேகரிப்பவருக்குக் கையுறையும் தடுப்பூசியும் கிடைப்பதை யார் பார்த்துக்கொள்வது என்பது எல்லா இடத்திலும் கடைசியில் வரும் கேள்வி. முதலில் வந்திருக்கவேண்டியது அதுதான்.

ஒக்லாந்தில் எங்களுக்கு ஆளுக்கொரு நிறத் தொட்டி. 2023இல் நகர்ப்புற வீடுகளுக்கு உணவுக் கழிவுக்கென 23 லீற்றர் தொட்டி வந்தது. அதில் மீன் முள்ளு, கோழி எலும்பு, பழைய சோறு எல்லாம் போடலாம். அவை ரொட்டொருவாவுக்குத் தெற்கே ரெப்போரோவாவில் எரிவாயுவாகவும் பசளையாகவும் மாற்றப்படுகின்றன. அப்படியிருந்தும் எத்தனை வீடுகளில் அந்தத் தொட்டி கராஜில் வெங்காயம் வைக்கப் பயன்படுகிறது என்று எனக்குத் தெரியும்! மஞ்சள் மூடித் தொட்டியிலும் நாங்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் உண்டு. 2024 பெப்ரவரி முதல் நாடு முழுவதும் ஒரே விதி: பிளாஸ்ரிக்கில் 1, 2, 5 எண்ணுள்ள கொள்கலன்கள் மட்டும். தேங்காய்ப்பால் ரின் கழுவிப் போடலாம். தேங்காய்ப்பால் கடதாசிப் பெட்டி கூடாது. போத்தல் மூடிகளும் அரிசிப் பையும் கூடாது.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். போய் இறங்கிய மறுநாள் காலை, அம்மாவின் அல்லது மாமியின் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். கிணற்றடிச் சிரட்டைகள், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, கோடிப்பக்கத்து வாளி - தண்ணீர் நின்றால் கவிழ்த்துவிடுங்கள். பூச்சாடித் தட்டை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், முட்டைகள் விளிம்பில் ஒட்டியிருக்கும். நீங்கள் கொண்டுபோன சொக்கிலேட் பெட்டிகளின் பிளாஸ்ரிக்கை யாரும் அடுப்பில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் வைத்தியரிடம் "இலங்கை போய் வந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.