காய்ச்சாத சோப்பு

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலர் வீட்டிலேயே குளியல் சோப்பு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் சில வருஷங்களாகச் செய்து வருகிறேன். ஆனால் கைமாறி வந்த ஒரு செய்முறைக் குறிப்பைப் பார்த்தபோது கொஞ்சம் கவலையாக இருந்தது. 'எண்ணெய் இரண்டு கப், காஸ்டிக் சோடா கால் கப்' என்று இருந்தது. எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தை இல்லை. கப்பால் அளக்கக் கூடாத பொருளைக் கப்பால் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தக் குறிப்புதான் காரணம்.

முதலில் ஒரு விஷயம். 'காஸ்டிக் சோடா இல்லாத இயற்கைச் சோப்பு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் கட்டிச் சோப்பு. அந்தக் காலத்தில் சாம்பலிலிருந்து காரம் எடுத்தார்கள். இன்று காஸ்டிக் சோடா. இரண்டும் சேர்ந்து வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. அளவு சரியாக இருந்தால் காரம் முழுவதும் செலவழிந்துவிடும். முடிந்த சோப்பில் காஸ்டிக் சோடா என்று தனியாக எதுவும் இருக்காது. கடையில் கிடைக்கும் 'உருக்கி ஊற்றும்' சோப்புக் கட்டியும் வேறு யாரோ காரம் சேர்த்துச் செய்து கொடுத்ததுதான்.

பழைய தொழிற்சாலை முறையில் பெரிய கொப்பரையில் காய்ச்சி, உப்பைப் போட்டுச் சோப்பைத் திரியவைத்து, கிளிசரினைத் தனியே எடுத்துவிடுவார்கள். நாம் செய்வதில் அடுப்புக்கு வேலை அநேகமாக இல்லை. கலவையில் தானாக எழும் சூடே போதும். கிளிசரின் சோப்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் இதைக் குளிர்முறை என்கிறார்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். ஒவ்வொரு எண்ணெய்க்கும் எவ்வளவு காஸ்டிக் சோடா தேவை என்பது வேறு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம் வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128, இங்கே தில்லியில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் கடுகு எண்ணெய்க்கு 0.124. தேங்காய் எண்ணெய்க்கும் கடுகு எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

நான் வழக்கமாகச் செய்வது தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100, ஆக ஒரு கிலோ. தேங்காய் எண்ணெய்க்கு 91.5, நல்லெண்ணெய்க்கு 53.6, விளக்கெண்ணெய்க்கு 12.8, மொத்தம் 157.9 கிராம் காஸ்டிக் சோடா. இதை அப்படியே போடுவதில்லை. நூற்றுக்கு ஐந்து குறைத்து 150 கிராம் போடுகிறேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும். சருமத்துக்கும் அது நல்லது, அளவில் வரும் சிறு பிசகையும் அது தாங்கிக்கொள்ளும். தண்ணீர் 300 கிராம்.

இதே குறிப்பை வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் விலை அதிகம் என்று அதற்குப் பதில் 500 கிராம் கடுகு எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? மொத்தத் தேவை 128.4 கிராம்தான். நாம் போட்டதோ 150. இருபத்தொரு கிராமுக்கு மேல் காஸ்டிக் சோடா சேர ஆளில்லாமல் சோப்புக்குள்ளேயே இருக்கும். பார்வைக்குச் சோப்பு நன்றாகவே இருக்கலாம். அதைக் குழந்தைக்குத் தேய்த்தால் தோல் புண்ணாகிவிடும். ஆகவே எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். கணக்குப் போட மனமில்லாதவர்கள் எண்ணெயை மாற்றவே வேண்டாம். கிராம் கணக்கில் காட்டும் எலெக்ட்ரானிக் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தண்ணீரையும் எண்ணெயையும்கூட எடை போட்டே எடுங்கள்.

காஸ்டிக் சோடாவை ரசாயனப் பொருள் விற்கும் கடையில், குறைந்தது 97 சதவீதச் சுத்தம் என்று பார்த்து வாங்க வேண்டும். தில்லிவாசிகளுக்கு காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜார் இருக்கிறது. சாக்கடை அடைப்புக்கு விற்கும் பொடி வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கும். காரத்தில் அலுமினியம் பட்டால் கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தீப்பற்றக்கூடிய வாயு. அலுமினியப் பாத்திரத்தையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். எவர்சில்வர் பாத்திரமோ கெட்டியான பிளாஸ்டிக் ஜாடியோ போதும். சமையலுக்குத் திரும்பாத பாத்திரமாக ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

ரயில்வேயில் நான் ரயில் பெட்டி விளக்குகளுக்கான பாட்டரிப் பிரிவில் இருந்தவன். புதிதாக வரும் கலாசிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்: ஆசிட்டைத் தண்ணீரில் விடு, தண்ணீரை ஆசிட்டில் விடாதே. காஸ்டிக் சோடாவுக்கும் அதே சட்டம்தான். பச்சைத் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் சட்டென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கலவை 80, 90 டிகிரி வரை சூடேறும். நெடியான ஆவி வரும். பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். குனிந்து பார்க்காதீர்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, மூன்றும் வேண்டும். எழுத்துப் படிக்கும் மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது.

தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் குழாயடியில் குறைந்தது 20 நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. வினிகர், எலுமிச்சம்பழம் என்று வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போன வழியில் ஒருமுறை எரித்தது, திரும்பி வரும்போது இன்னொரு முறை எரிக்கும்.

இதை விழுங்குவார்களா என்று கேட்கலாம். இரண்டு அறை வீடுகளில் நம்மில் பலர் இருக்கிறோம். மிஞ்சிய காஸ்டிக் சோடாவைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அடுக்களை அலமாரியில் வைத்தால், குழந்தைக்கு அது கற்கண்டு. அவசரத்தில் இருக்கும் மருமகளுக்குக் கல் உப்பு. கரைத்த நீரோ வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். வாங்கிய டப்பாவிலேயே, காற்றுப் புகாமல் மூடி, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். காற்றுப் பட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், எடைக் கணக்கும் பொய்த்துப்போகும். ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே மேல்.

மற்றதெல்லாம் சுலபம். காரநீர் 40 டிகிரி அளவுக்கு ஆறட்டும். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். அதை உருக்கி மற்ற எண்ணெய்களோடு சேர்த்தால் அதுவும் ஏறக்குறைய அதே சூட்டுக்கு வந்துவிடும். எண்ணெயில் காரநீரை மெல்லிய தாரையாக விட்டுக் கிளறுங்கள். மத்தால் கடைந்தால் அரைமணி, முக்கால்மணி பிடிக்கும். கையில் பிடிக்கும் மின்சாரக் கடைசலில் சில நிமிஷங்களே. தெறிக்காமல் இருக்க அதன் தலை எப்போதும் உள்ளே மூழ்கியே இருக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்து, கரண்டியால் மேலே கோடு போட்டால் கோடு ஒரு கணம் நின்றால் பதம் சரி. பட்டர் பேப்பர் விரித்த செருப்புப் பெட்டியில் ஊற்றி, மேலே அட்டை வைத்து, பழைய கம்பளியால் மூடி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கையுறை போட்டுக்கொண்டே துண்டு போடலாம்.

வெட்டிய இடத்தில் வெள்ளை மணிமணியாகத் தெரிந்தாலோ, நீர் கசிந்தாலோ காரம் சரியாகச் சேரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அந்தத் தடவைச் சோப்பை மனதைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கி எறியுங்கள். மேலே மட்டும் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்தால் பயமில்லை. காற்றுப் பட்டு உண்டாகும் சோடா உப்பு அது. சுரண்டிவிடலாம்.

மஞ்சள் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கலவை சிவந்துபோனால் திகைக்காதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது போலத்தான். ரோஜா இதழெல்லாம் பழுப்பாகிவிடும், வீண் செலவு. வேப்பெண்ணெய் சேர்க்கலாம், அதற்கும் தனிக் கணக்கு உண்டு என்பதை மறக்காமல். ஆனால் சொறி, படை எல்லாம் இதில் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் உடம்பில் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போகிற பொருள் அது.

நுரை வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும். நீராவி எஞ்சின் காலத்தில் இந்தக் கடின நீர் பாய்லரில் செதில் கட்டாமல் இருக்க சோடா உப்புப் போட்டுச் சரிசெய்வார்கள். குளியலறையில் அதற்கு வழியில்லை. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மற்றவற்றைவிடத் தேவலை. கடல் நீரிலேயே நுரைக்கும். அதற்காகத் தேங்காய் எண்ணெயை மட்டும் போட்டால் சருமம் வறண்டுபோகும். பாதிக்குப் பாதி என்பது என் அனுபவத்தில் சரியாக இருக்கிறது.

துண்டு போட்ட சோப்பை நிழலில், காற்றோட்டமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் உலர்த்த வேண்டும். காரத்தின் வேலை முதல் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு ஈரம் வற்றிச் சோப்பு இறுகும். பொறுமையில்லாமல் எடுத்தால் சீக்கிரம் கரைந்து போகும். தீபாவளி முடிந்த கையோடு செய்து வைத்தால், மார்கழியில் இங்கே கைகால் வெடிக்கத் தொடங்கும் சமயத்துக்குத் தயாராக இருக்கும். ஒரு கிலோ எண்ணெயில் சுமார் 100 கிராம் எடையில் பதினான்கு துண்டுக்குக் குறையாமல் வரும். வீட்டு உபயோகத்துக்கும், பக்கத்து வீட்டுக்கு அன்பளிப்பாகவும் தாராளமாகச் செய்யலாம். விற்பனைக்கு என்றால் 2020-ஆம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும்.