கம்ப்ரஸர் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டின் கீழ்த்தளத்திலேயே பட்டறை நடத்துவோர் நம்மில் பலர். பெயின்ட் அடிக்கவும் டயருக்குக் காற்றடிக்கவும் கம்ப்ரஸர் இன்றியமையாதது. ஆனால் அதன் இரைச்சல், வேலை செய்பவரின் செவியையும் மாடியில் உறங்கும் குழந்தையையும் வருத்துகிறது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு. அதைவிட 3 டெசிபல் கூடினால், பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும்.

பெரிய டேங்கைக் கண்டு மயங்க வேண்டாம். அது காற்றைச் சேமிக்குமேயன்றி உண்டாக்காது. குதிரைத்திறனை மட்டும் பார்ப்பதும் போதாது. நீங்கள் பயன்படுத்தும் அழுத்தத்தில், நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று உண்மையில் வெளிவருகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் கருவியின் தேவையைவிட அது சற்று மிகுந்திருக்கட்டும். இல்லையேல் மோட்டார் ஓயாது ஓடும், இரைச்சலும் ஓயாது.

மோட்டாருடன் நேரடியாக இணைந்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,800 சுற்றுகள் சுழலும் எண்ணெயில்லாச் சிறு வகையே பெரிதும் அலறும். எண்ணெய் ஊற்றி, பெல்ட்டால் மெதுவாக இயங்கும் வகை விலை கூடினாலும் ஓசை குறைந்தது. நீண்ட நாள் உழைக்கும். அடியில் ரப்பர் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்குவது குறையும். ஓசைக்கு அஞ்சி இயந்திரத்தைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். காற்றோட்டமின்றிச் சூடேறிப் பழுதாகும். டேங்கில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிடுங்கள்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் இந்திய ஒலி மாசு விதி. அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் பொறுப்பே.