பன்றிக்கறி தொடாத வீட்டில் மூளைக்குள் புழு!

நியூயார்க்கில் பன்றிக்கறியைக் கையாலும் தொடாத 4 பேரின் மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி இருந்தது. 1990 ஜூனுக்கும் 1991 ஜூலைக்கும் இடையே நடந்தது இது. விவரம் வருமாறு:-

4 பேரும் ஆசாரமான யூதர்கள். ஒருவருக்கொருவர் உறவு இல்லை. அடிக்கடி வலிப்பு வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். பன்றியே இல்லாத வீட்டில் புழு எப்படி?

வேலைக்காரர்களிடம் சோதனை

விசாரணை வீட்டு வேலைக்காரர்கள் பக்கம் திரும்பியது. லத்தீன் அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் அவர்கள். ஒருவரின் வயிற்றில் புழு சிக்கியது.

அரைவேக்காட்டுக் கறி தின்றவர் குடலில்தான் புழு வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவு இருக்காது, பாவம், தெரியவே தெரியாது. மலத்தோடு முட்டை வெளியேறும். சரியாகக் கழுவாத கை சாப்பாட்டில் பட்டால் போச்சு. முட்டையை விழுங்கியவர் பாடுதான் திண்டாட்டம். குஞ்சு குடலைத் துளைத்து, ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். சைவமா, அசைவமா என்று அது பார்ப்பதில்லை.

இந்திய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டிதான் இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் பல கட்டிகள்.

தீயில் விழுந்தார்கள்

இந்தோனேசியாவின் மேற்கு நியூகினி மலையில் நடந்தது இன்னும் கொடுமை. 1970-ஐ ஒட்டி பாலித் தீவில் இருந்து வந்த பன்றிகளோடு புழுவும் வந்தது. குளிருக்காகக் குடிசைக்குள் நெருப்பு ஓரம் படுத்தவர்கள், தூக்கத்தில் வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது தீக்காயக் கேசுகள்தான்.